இ8400 பொருத்திய பின் மைக்ரோகோட் பிழை, வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை: பழைய பி35 மதர்போர்டில் எங்கே தவறு?

பழம்பலகை:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இன்டெல் பி35 சிப்செட் கொண்ட, எல்ஜிஏ 775 சாக்கெட் உள்ள ஒரு மதர்போர்டு இருக்கிறது. இதுவரை அதில் பென்டியம் டூயல் கோர் இ2180 செயலி எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நண்பர் ஒருவர் தம் பழைய கணினியைக் கழித்துக் கட்டியபோது அதிலிருந்த கோர் 2 டுயோ இ8400 செயலியை எனக்குத் தந்தார். சாக்கெட் ஒன்றுதானே என்ற நம்பிக்கையில் பழையதைக் கழற்றி, தெர்மல் பேஸ்ட் புதிதாகத் தடவி, இதைப் பொருத்தினேன்.

கணினி உயிர் பெற்றது. ஆனால் தொடக்கத் திரையிலேயே "இன்டெல் சிபியு யுகோட் லோடிங் எரர்" (செயலியின் மைக்ரோகோடை ஏற்றுவதில் பிழை) என்று காட்டி, எஃப்1 விசையை அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் விண்டோஸ் திறந்துவிடுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் 3.0 கிகாஹெர்ட்ஸ் காட்ட வேண்டிய செயலி 2.0 என்று காட்டுகிறது. இவை போதாதென்று, காலையில் முதன்முறை இயக்கும்போதெல்லாம் "சிமோஸ் செக்சம் பேட்" (பலகையின் அமைப்புகளைக் காக்கும் சிமோஸ் நினைவகத்தில் பிழை) என்றொரு செய்தியும் வருகிறது. கடிகாரமும் பின்னால் போய்விடுகிறது. யோசித்துப் பார்த்தால், இந்தக் கடைசித் தொல்லை செயலியை மாற்றுவதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கியிருந்தது.

கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அல்லது செயலியிலேயே பழுது இருக்குமா? பயாஸ் புதுப்பிப்பின்போது மின்சாரம் போனால் பலகை செத்துவிடும் என்று படித்ததிலிருந்து கை வைக்கவே பயமாக இருக்கிறது.

அமைதிவிசிறி:
2.0 கிகாஹெர்ட்ஸ் என்பதைக் கண்டு கலங்க வேண்டாம். இ8400 செயலியின் அடிப்படைக் கடிகாரம் 333 மெகாஹெர்ட்ஸ்; வேலை இல்லாதபோது ஸ்பீட்ஸ்டெப் வசதி பெருக்கெண்ணை 9 இலிருந்து 6 க்கு இறக்கிவிடும். 333 ஐ 6 ஆல் பெருக்கினால் 2.0 கிகாஹெர்ட்ஸ் வருகிறது, அவ்வளவுதான். யுகோட் செய்தியை நானும் என் பழைய கணினியில் ஆண்டுக்கணக்கில் எஃப்1 அழுத்தியே கடந்து வந்தேன். ஓடுகிற இயந்திரத்தின் பயாஸைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஊசிமுனை:
நண்பர் அமைதிவிசிறி போட்ட கணக்கு சரியானது. ஆனால் அது இங்கே பொருந்துமா என்று சோதித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். பழம்பலகை அவர்களே, சிபியு-இசட் போன்ற கருவியைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு கோர்களையும் முழுமையாக உழைக்க வைக்கும் ஏதேனும் ஒரு வேலையைத் தொடங்குங்கள். பெரிய கோப்பொன்றைச் சுருக்குவதே போதும். அப்போது பெருக்கெண் 9 க்கு ஏறினால் அது ஸ்பீட்ஸ்டெப். ஏறாமல் 6 இலேயே நின்றால் பயாஸ் இந்தச் செயலியை அறியவில்லை என்று பொருள். தனக்குத் தெரியாத செயலியைக் காணும்போது பெருக்கெண்ணை மேலே ஏற்றாமல் தாழ்ந்த நிலையிலேயே விட்டுவிடும் பலகைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, உங்களிடம் இருப்பது ஒரு தொல்லை அல்ல, இரண்டு. சிமோஸ் செக்சம் செய்தி செயலி மாற்றத்துக்கு முன்பே வந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆகவே அதை யுகோட் பிழையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பலகையிலுள்ள சிஆர்2032 நாணய பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்கும் சற்று மேலே காட்டும். அதைத் தீர்க்கும் வரை பயாஸைத் தொடாதீர்கள். இரண்டு கோளாறுகள் திறந்து கிடக்கும்போது மூன்றாவது ஒரு மாற்றத்தைச் செய்தால், எது எதனால் வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இன்னும் மூன்று விவரங்கள் வேண்டும். பயாஸின் பதிப்பும் தேதியும் என்ன? பலகையின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண் என்ன? செயலியின் உலோக மூடியில் பொறித்திருக்கும் ஐந்தெழுத்துக் குறி என்ன? கடைசியை அறிய ஹீட்சிங்கை மீண்டும் கழற்றத் தேவையில்லை, சிபியு-இசட்டில் ஸ்டெப்பிங் (ஒரே செயலியின் எந்தத் திருத்த வடிவம் என்பது) என்ற கட்டத்தில் உள்ளதைச் சொன்னாலே போதும்.

பழம்பலகை:
விரிவான பதிலுக்கு நன்றி. முழு உழைப்பிலும் பெருக்கெண் 6 இலேயே நிற்கிறது, துளியும் அசையவில்லை. பேட்டரி 2.4 வோல்ட் மட்டுமே காட்டியது. புதியது போட்டுவிட்டேன், இன்று காலை செக்சம் செய்தி வரவில்லை, கடிகாரமும் சரியாக இருக்கிறது. பயாஸின் தேதி நவம்பர் 2007. ரிவிஷன் 2.0. ஸ்டெப்பிங் என்ற கட்டத்தில் ஏ என்றும், ரிவிஷன் என்ற கட்டத்தில் இ0 என்றும் காட்டுகிறது.

ஊசிமுனை:
பாதி வழக்கு இங்கேயே தீர்ந்துவிட்டது. பி35 சிப்செட் 2007 நடுவில் வெளிவந்தது. இ8400 என்ற செயலியோ 45 நானோமீட்டர் தலைமுறையைச் சேர்ந்தது. 2008 ஜனவரியில்தான் வந்தது. அதாவது உங்கள் பயாஸ் எழுதப்பட்டபோது இந்தச் செயலி சந்தையிலேயே இல்லை. அதிலும் உங்களிடம் இருப்பது முதலில் வந்த சி0 அல்ல, பின்னால் வந்த இ0.

பெயர் ஒன்றாக இருந்தாலும் பயாஸின் கண்ணுக்கு இவை இரண்டும் வேறு வேறு செயலிகள். ஒவ்வொரு செயலியும் தன்னைப் பற்றிக் கேட்டால் ஓர் அடையாள எண்ணைத் தரும். சி0 தருவது 10676. மூடியில் எஸ்எல்ஏபிஎல் என்ற குறி இருக்கும். இ0 தருவது 1067ஏ. அதன் குறி எஸ்எல்பி9ஜே. கடைசி இலக்கம்தான் ஸ்டெப்பிங். பதினாறடிமான எண் என்பதால் ஏ என்றால் 10. லினக்ஸில் சிபியுஇன்ஃபோ கோப்பைத் திறந்தால் இதையே குடும்பம் 6, மாடல் 23, ஸ்டெப்பிங் 10 என்று பதின்மத்தில் காட்டும்.

மைக்ரோகோட் என்பது செயலிக்குள் இருக்கும் ஆணைகளின் நடத்தையைத் திருத்தும் சிறு ஒட்டு. அது செயலிக்குள் நிரந்தரமாகத் தங்குவதில்லை; மின்சாரம் அணைந்ததும் மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பயாஸ் அதை மறுபடி ஏற்றியாக வேண்டும். பயாஸ் கோப்புக்குள் இத்தகைய ஒட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் அது எந்த அடையாள எண்ணுக்கு உரியது என்று எழுதியிருக்கும். உங்கள் பயாஸ் அந்த அடுக்கில் 1067ஏ என்ற எண்ணைத் தேடுகிறது, காணவில்லை, ஆகவே புகார் செய்கிறது. செயலி பழுது அல்ல.

மதர்போர்டு தயாரிப்பாளரின் செயலிப் பட்டியலில் இ8400 என்ற வரி இரண்டு இடங்களில் இருக்க வாய்ப்புண்டு. சி0 வரிக்கு எதிரே இருக்கும் பயாஸ் பதிப்பைப் பார்த்து ஏமாந்துவிடாமல், இ0 வரிக்கு எதிரே இருப்பதைப் பாருங்கள். ரிவிஷன் 1 க்கும் 2 க்கும் தனித்தனிப் பக்கங்கள் இருந்தால் உங்களுடையதை மட்டுமே திறவுங்கள். மற்றதன் கோப்பு உங்கள் பலகைக்கு விஷம்.

அமைதிவிசிறி:
பெருக்கெண் விஷயத்தில் என் கணிப்புத் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. விண்டோஸும் லினக்ஸும் தாங்களே மைக்ரோகோட் ஏற்றக்கூடியவை. அப்படியிருக்க, பலகையைச் சாகடிக்கக்கூடிய ஒரு வேலையை எதற்காகச் செய்ய வேண்டும்? இயங்குதளமே ஏற்றிக்கொள்ளட்டுமே?

ஊசிமுனை:
நியாயமான கேள்வி. இயங்குதளம் ஏற்றும் மைக்ரோகோட் செயலியின் பிழைகளைத் திருத்தும் என்பது உண்மைதான். ஆனால் அது ஏறுவது பயாஸ் தன் வேலையை முடித்து, இயங்குதளம் எழத் தொடங்கிய பிறகு. அதற்குள் பயாஸ் நினைவகத்தை ஒழுங்குபடுத்தி, மின்னழுத்தத்தை முடிவு செய்து, எந்தப் பெருக்கெண்ணிலிருந்து எந்தப் பெருக்கெண் வரை போகலாம் என்ற அட்டவணையை ஏசிபிஐ என்ற இடைமுகத்தின் வழியாக இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. அறியாத செயலி என்பதால் அந்த அட்டவணை காலியாகவோ அரைகுறையாகவோ இருந்தால், இயங்குதளம் எவ்வளவு புதிய மைக்ரோகோட் ஏற்றினாலும் 6 என்ற பெருக்கெண் 9 ஆகாது. இவருடைய சிக்கலில் எஃப்1 விசையை அழுத்தும் தொல்லை சிறியது. மூன்றில் ஒரு பங்கு வேகம் காணாமல் போயிருப்பதுதான் பெரியது.

இரட்டைஇழை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் கதையும் இதையொட்டியதே. 945 சிப்செட் பலகையில் கோர் 2 குவாட் கியூ6600 போட்டேன். பயாஸ் அதைச் சரியாக அடையாளம் காண்கிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் முழுமையாகக் கிடைக்கிறது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் நான்கு கோர்களும் ஒருசேர உழைத்தால் பத்து நிமிடத்தில் கணினி சட்டென்று அணைந்துவிடுகிறது. வெப்பநிலை 60 பாகையைத் தாண்டவில்லை. எந்தப் பயாஸ் பதிப்புக்குப் போக வேண்டும்?

தாமிரத்தடம்:
எந்தப் பதிப்புக்கும் போக வேண்டாம், உங்கள் சிக்கல் மென்பொருளில் இல்லை. கியூ6600 இல் முதலில் வந்த பி3 ஸ்டெப்பிங்கின் வெப்ப வரம்பு 105 வாட், பின்னர் வந்த ஜி0 வின் வரம்பு 95 வாட். 65 வாட் இரட்டைக் கோர் செயலிகளை மனத்தில் வைத்து வடிவமைத்த ஒரு சிக்கனப் பலகையின் மின்சீராக்கிப் பகுதிக்கு இவை இரண்டுமே பாரம்தான். செயலியின் வெப்பநிலையைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். ஆனால் கொதிப்பது செயலி அல்ல. சாக்கெட்டின் அருகே வரிசையாக நிற்கும் சிறு கறுப்பு மாஸ்ஃபெட்டுகள் என்ற மின்சீராக்கிச் சில்லுகள்தான் கொதிக்கின்றன. அவற்றின் வெப்பத்தைக் காட்ட அந்தக் காலத்துப் பல பலகைகளில் உணரியே கிடையாது.

கணினியை அணைத்து, மின்கம்பியை உருவி, சாக்கெட்டைச் சுற்றியுள்ள உருளை வடிவக் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை சற்றே புடைத்திருந்தாலோ, அடியில் பழுப்புக் கசிவு தெரிந்தாலோ, அந்தப் பலகையில் குவாட் செயலியை மறந்துவிடுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால், பக்கத்தில் ஒரு சிறு விசிறியை அந்த மாஸ்ஃபெட்டுகள் மீது காற்றடிக்கும்படி வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். பத்து நிமிடம் என்பது அரை மணி நேரமாக நீண்டால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் இலிருந்து வரும் நான்கு முனை 12 வோல்ட் இணைப்பானையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் மஞ்சளாகவோ கறுத்தோ இருந்தால் அந்த இடத்தில் தொடர்பு சரியில்லை.

பழம்பலகை:
என் வழக்குக்குத் திரும்புகிறேன். தயாரிப்பாளரின் பட்டியலில் ஊசிமுனை அவர்கள் சொன்னபடியே இ8400 இரண்டு வரிகளில் இருக்கிறது, இ0 வுக்கு 2008 இறுதியில் வந்த பதிப்பு வேண்டுமாம். என் ரிவிஷனுக்கு உரிய கோப்பை இறக்கி வைத்திருக்கிறேன். இப்போது ஒரு சந்தேகம். இ8400 பலகையில் இருக்கும்போதே புதுப்பிக்கலாமா, அல்லது பழைய இ2180 செயலியை மீண்டும் மாட்டிவிட்டுச் செய்ய வேண்டுமா? ஹீட்சிங்கின் அந்த நான்கு பிளாஸ்டிக் ஊசிகளை அழுத்தி அழுத்திப் பலகையே வளைகிறது, மறுபடியும் கழற்ற மனம் வரவில்லை.

அமைதிவிசிறி:
எஃப்1 அழுத்தினால் இயங்குகிறது அல்லவா? அப்படியே செய்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

கடைசிபிட்:
நான் இதற்கு உடன்பட மாட்டேன். பயாஸ் எழுதப்படும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்கள் மட்டுமே நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியவை. பழைய உள்ளடக்கம் அழிக்கப்பட்டுப் புதியது பாதி எழுதப்பட்ட நிலையில் செயலி தடுமாறி உறைந்தால், மின்சாரம் போனதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. திருத்தப்படாத பிழைகளோடு ஓடும் செயலியை அந்த வேலைக்கு ஏன் நம்ப வேண்டும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதை நானும் அறிவேன். ஆனாலும் ஹீட்சிங்கைக் கழற்றி மாட்ட ஆகும் இருபது நிமிடத்தை மிச்சப்படுத்த இந்தப் பந்தயம் வேண்டாம்.

விண்டோஸிலிருந்து இயங்கும் புதுப்பிப்பு மென்பொருளையும் தவிர்த்துவிடுங்கள். பின்னணியில் ஓடும் எது எப்போது குறுக்கிடும் என்று சொல்ல முடியாது. பயாஸ் மெனுவுக்குள்ளேயே புதுப்பிப்பு வசதி இருந்தால், சிறிய பென்டிரைவ் ஒன்றை ஃபேட்32 ஆக வடிவமைத்து, கோப்பை அதில் வைத்து, அங்கிருந்தே செய்யுங்கள். அதற்கு முன் இப்போதுள்ள பயாஸை அதே மெனு வழியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் எழுத்து பாதியில் நின்றுவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஏஎம்ஐ, அவார்ட் இரண்டு வகைப் பயாஸ்களிலும் பூட்பிளாக் என்ற சிறு பகுதி வழக்கமாகத் தொடப்படாமல் இருக்கும். அது ஃபிளாப்பியிலோ பென்டிரைவிலோ மீட்புக் கோப்பைத் தேடும். அதுவும் கைவிட்டால், சிஎச்341ஏ போன்ற புரோகிராமரும் கவ்வியும் கொண்டு எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பில் நேரடியாக எழுதலாம். அந்தக் கருவியின் சில பதிப்புகள் சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் அனுப்புகின்றன என்பதை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும். எழுதுவதற்கு முன் இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடாமல் அழிக்கும் பொத்தானைத் தொடவே கூடாது.

நள்ளிரவு:
எச்61 பலகையில் ஐ3-2100 இருந்த இடத்தில் ஐ5-3470 போட்டேன். விசிறி சுற்றுகிறது, திரை இருள். எனக்கு எஃப்1 செய்தி கூட வரவில்லை. பயாஸ் 2011 ஆம் ஆண்டினது. இங்கே பேசப்படுவதுதான் எனக்கும் தீர்வா? ஐ3 செயலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்பதுதான் கவலை.

கடைசிபிட்:
காரணம் ஒன்றேதான், ஆனால் உங்களுக்குக் கூடுதலாக ஒரு படி இருக்கிறது. ஐ3-2100 சாண்டி பிரிட்ஜ் தலைமுறை, ஐ5-3470 அதற்கடுத்து 2012 இல் வந்த ஐவி பிரிட்ஜ். 6 தொடர் சிப்செட்டுகளில் ஐவி பிரிட்ஜ் எழ வேண்டுமானால், பயாஸ் மட்டுமல்லாமல் சிப்செட்டுக்குள் இருக்கும் மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற துணைச் செயலியின் ஃபெர்ம்வேரும் 7 இலிருந்து 8 ஆம் பதிப்புக்கு மாற வேண்டும். அதனால்தான் சில பலகைகளுக்குத் தயாரிப்பாளர்கள் இடைப்பட்ட ஒரு பதிப்பை முதலில் போட்டுவிட்டு, அதன் பிறகே கடைசிப் பதிப்பைப் போடச் சொல்கிறார்கள். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

புதுப்பிக்கும் வரை சாண்டி பிரிட்ஜ் செயலி ஒன்று தேவை. கொடுத்தவரிடமே ஒரு மாலைப்பொழுதுக்குத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் எந்தச் செயலியானாலும் போதும், செலரானாக இருந்தாலும் சரி. புரோகிராமரால் எழுதுவதானால், தயாரிப்பாளர் தரும் கோப்பில் பயாஸ் பகுதி மட்டும் இருக்கிறதா, மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதியும் சேர்ந்த முழுப் படிமமா என்று பார்க்காமல் எழுதினால், இருள் இருளாகவே இருக்கும்.

பழம்பலகை:
கடைசிபிட் அவர்கள் சொன்னபடியே இ2180 செயலியை மாட்டி, பயாஸ் மெனுவிலிருந்து புதுப்பித்தேன். தடங்கல் எதுவும் இல்லை. மறுதொடக்கத்தில் புதிய பதிப்பும் தேதியும் காட்டியது. மகிழ்ச்சியோடு அணைத்துவிட்டு இ8400 செயலியை மாட்டினேன். இப்போது திரையே வரவில்லை! முன்பாவது எஃப்1 அழுத்தினால் ஓடியது, இப்போது விசிறி மட்டும் சுற்றுகிறது. இ2180 போட்டால் ஒழுங்காக இயங்குகிறது. புதுப்பித்ததே தவறோ என்று தோன்றுகிறது.

அமைதிவிசிறி:
நான் எதுவும் சொல்லவில்லை.

ஊசிமுனை:
பதற வேண்டாம். இ2180 இயங்குகிறது என்றால் பயாஸ் நலமாகவே இருக்கிறது. முதலில், பலகையில் சிறு ஸ்பீக்கர் இருந்தால் அதை இணைத்துக்கொண்டு, இ8400 பொருத்திய நிலையில் ரேம் குச்சிகள் அனைத்தையும் எடுத்துவிட்டு இயக்குங்கள். பீப் ஒலி வந்தால், செயலி பயாஸின் ஆணைகளை நிறைவேற்றிக்கொண்டு நினைவகத்தைத் தேடும் இடம் வரைக்கும் வந்துவிட்டது என்று பொருள். முழு மௌனம் என்றால் செயலி தொடங்கவே இல்லை. அப்போது சாக்கெட்டின் ஊசிகள் ஏதேனும் வளைந்துள்ளனவா என்று சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டியிருக்கும். அடிக்கடி கழற்றி மாட்டுகையில் நேரக்கூடியதே அது.

பழம்பலகை:
ரேம் இல்லாமல் இயக்கினால் பீப் ஒலி கேட்கிறது. ஒரு ரேமை மட்டும் போட்டால் ஒலி நின்றுவிடுகிறது, ஆனால் திரை இல்லை. இரண்டு ரேம்களையும் மாற்றி மாற்றி, எல்லாத் துளைகளிலும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

தாமிரத்தடம்:
ஒரு கேள்வி. பேட்டரி மாற்றிய பிறகு பயாஸ் மெனுவுக்குள் போய் ஏதேனும் அமைப்பைக் கையால் மாற்றினீர்களா? முக்கியமாக, நினைவகம் தொடர்பானது எதையாவது?

பழம்பலகை:
ஆம். என் ரேம் டிடிஆர்2-800. தானியங்கி அமைப்பில் விட்டால் அந்தப் பலகை அதை 667 இலேயே ஓட்டும் வழக்கம் உடையது. அதனால் ஆண்டுக்கணக்காக நான் அதைக் கையால் 800 என்று அமைத்து வைத்திருந்தேன். பேட்டரி பழுதானதிலிருந்து அது அழிந்துகொண்டே இருந்தது. நானும் சலித்துப்போய் விட்டுவிட்டேன். புதிய பேட்டரி போட்டு, பயாஸும் புதுப்பித்த பிறகு, இ2180 இருக்கும்போதே மறுபடி அமைத்தேன். அதில் தவறு உண்டா?

தாமிரத்தடம்:
தவறு அதில்தான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். இ2180 செயலியின் எஃப்எஸ்பி (செயலியையும் சிப்செட்டையும் இணைக்கும் பாதையின் வேகம்) 800, அதாவது அதில் நான்கில் ஒரு பங்கான அடிப்படைக் கடிகாரம் 200 மெகாஹெர்ட்ஸ். டிடிஆர்2-800 நினைவகத்தின் கடிகாரம் 400. ஆகவே 800 என்று நீங்கள் தேர்ந்தெடுத்தபோது பலகை உண்மையில் குறித்துக்கொண்டது 1:2 என்ற விகிதத்தை. இ8400 செயலியின் எஃப்எஸ்பி 1333, அடிப்படைக் கடிகாரம் 333. அதே 1:2 விகிதத்தைப் பலகை பிடித்துக்கொண்டிருந்தால் நினைவகம் 667 மெகாஹெர்ட்ஸில், அதாவது டிடிஆர்2-1333 என்ற வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். அந்த வேகம் வழக்கமான டிடிஆர்2 குச்சிகளுக்கு எட்டாது. செயலி தொடங்குகிறது, நினைவகத்தைத் தட்டுகிறது, அது பதில் தரவில்லை, அங்கேயே நிற்கிறது. நீங்கள் காண்பதெல்லாம் இதற்குப் பொருந்துகிறது.

இதில் நான் ரசித்த விஷயம் வேறு. முதன்முறை இ8400 போட்டபோது கணினி எழுந்ததற்குக் காரணமே உங்கள் செத்துக்கொண்டிருந்த பேட்டரிதான். அது ஒவ்வொரு இரவும் உங்கள் கையமைப்பை அழித்து, காலையில் செக்சம் பிழை காட்டி, பலகையைத் தானியங்கி அமைப்புக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. புதிய பேட்டரி உங்கள் அமைப்பை விசுவாசமாகக் காப்பாற்றியது. அதனால் கணினி எழவில்லை. செயலி மாறியதைக் கண்டதும் பழைய அமைப்புகளைத் தானாகவே தள்ளிவிடும் பலகைகளும் உண்டு. உங்களுடையது அந்த ரகம் இல்லை போலும்.

ஊசிமுனை:
அருமையான கணிப்பு, எனக்கு இது தோன்றவில்லை. பழம்பலகை அவர்களே, சிமோஸை அழிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கணினியை அணைத்தால் மட்டும் போதாது, மின்கம்பியையே உருவிவிட வேண்டும். 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் பலகையில் இருக்கும் வரை அமைப்புகள் அழியாமல் தப்பித்துவிடக்கூடும். பலகையில் பச்சை விளக்கு ஏதேனும் எரிந்தால் அது அணையும் வரை காத்திருங்கள். பிறகு பேட்டரியை எடுத்து, மூன்று ஊசி ஜம்பரை 1-2 நிலையிலிருந்து 2-3 க்கு மாற்றிச் சில நொடிகள் வைத்து, பழைய நிலைக்கே திருப்புங்கள். ஜம்பரை 2-3 இலேயே விட்டுவிட்டு இயக்கக் கூடாது.

கடைசிபிட்:
இதே பிடிவாதம் புதிய பலகைகளிலும் வேறு உருவத்தில் இருக்கிறது. ஏஎம்4 சாக்கெட்டில் 2017 இல் வந்த 300 தொடர் பலகைகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 மெகாபைட்தான். ரைசன் 5000 செயலிகளுக்கு 2022 இல் அந்தப் பலகைகளிலும் ஆதரவு தரப்பட்டபோது, இடம் போதாமல் பழைய ஏ தொடர் செயலிகளின் ஆதரவைச் சில பதிப்புகள் கைவிட்டன. அங்கே பழைய செயலியைத் திரும்ப மாட்டிச் சோதிக்கலாம் என்ற வழியே அடைபட்டுப்போகலாம். வட்டைப் பிட்லாக்கரால் பூட்டியிருப்பவர்கள், பயாஸைப் புதுப்பிக்கும் முன்பும் செயலியை மாற்றும் முன்பும் மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்; செயலிக்குள் இருக்கும், பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் மாறியதும் விண்டோஸ் முதலில் கேட்பது அந்தச் சாவியைத்தான்.

இரட்டைஇழை:
விசிறி வைத்துச் சோதித்தேன். பத்து நிமிடத்தில் அணைந்த கணினி இப்போது ஐம்பது நிமிடம் தாங்கியது. ஆனால் கெபாசிட்டர்களில் இரண்டின் தலை புடைத்திருக்கிறது. கியூ6600 செயலியைக் கழற்றிவிட்டேன். கெபாசிட்டர்களை மாற்றத் தெரிந்த ஒருவரைத் தேடுகிறேன்.

தாமிரத்தடம்:
மாற்றும்போது அதே கொள்ளளவு, அதே அல்லது சற்றே கூடுதலான மின்னழுத்தம், குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) வகை, 105 பாகை தாங்கக்கூடியது என்று கேட்டு வாங்குங்கள். புடைத்த இரண்டை மட்டும் மாற்றாமல் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடச் சொல்லுங்கள், எல்லாவற்றுக்கும் வயது ஒன்றுதான். அதன் பிறகும் அந்தப் பலகையில் 65 வாட் செயலி ஒன்றோடு நிறுத்திக்கொள்வேன் நான்.

பழம்பலகை:
மின்கம்பியை உருவி, பச்சை விளக்கு அணைந்த பிறகு ஜம்பரை மாற்றி, பேட்டரியைத் திரும்பப் போட்டு இயக்கினேன். முதல் முயற்சியிலேயே திரை வந்தது. யுகோட் செய்தி இல்லை. இயல்பு அமைப்புகளை ஏற்றிச் சேமித்தேன். விண்டோஸில் ஓய்வாக இருக்கும்போது பெருக்கெண் 6, கோப்பைச் சுருக்கத் தொடங்கியதும் 9, வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸ். அமைதிவிசிறி அவர்கள் முதலில் சொன்ன ஸ்பீட்ஸ்டெப் விளக்கம் இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது!

நினைவகத்தை மீண்டும் 800 க்குக் கொண்டுவரலாமா என்று மட்டும் கேட்க விரும்புகிறேன். இப்போது தானியங்கியில் 667 என்று ஓடுகிறது.

தாமிரத்தடம்:
கொண்டுவரலாம். 333 க்கு 5:6 விகிதம் சரியாக 400 ஐத் தரும், அது உங்கள் ரேமின் உரிய வேகமே. அமைத்த பிறகு மெம்டெஸ்ட்86 போன்ற சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 667 க்கே திரும்பிவிடுங்கள். அங்கே விகிதம் 1:1, அன்றாட வேலையில் வேறுபாட்டை நீங்கள் உணரப்போவதில்லை.

நள்ளிரவு:
ஐ3-2100 செயலியை வாங்கிக்கொண்டவர் ஒரு நாளைக்குத் திருப்பித் தந்தார். தயாரிப்பாளர் சொன்ன வரிசைப்படி இடைப்பதிப்பை முதலிலும், கடைசிப் பதிப்பை அடுத்தும் போட்டேன். மேனேஜ்மென்ட் எஞ்சின் இப்போது 8 என்று காட்டுகிறது. ஐ5-3470 உடனே எழுந்துவிட்டது. இடைப்பதிப்புக்குப் பிறகு கணினி தானாகவே இரண்டு முறை அணைந்து எழுந்தபோது உயிர் போய் உயிர் வந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். அப்போது நான் பொத்தானைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழம்பலகை:
இரவு முழுவதும் சோதனை ஓடியது, பிழை ஒன்றும் இல்லை. ஆகவே 800 இலேயே வைத்திருக்கிறேன். இ2180 செயலியை நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, புதிய பயாஸின் பதிப்பு எண்ணையும், "செயலியை மாற்றும் முன் ரேம் அமைப்பைத் தானியங்கிக்கு மாற்று" என்ற வரியையும் ஒரு சீட்டில் எழுதி, பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். இழையின் தலைப்பில் "தீர்ந்தது" என்று சேர்க்க மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.